பாசிமணிக்கு பில் உண்டா?

ஆடிச் சாரலுக்குக் குற்றாலம் போகிறவர்கள் சாதாரணமாக மூன்று அயிட்டம் வாங்கி வருவார்கள். நேந்திரங்காய் சிப்ஸ், தைல பாட்டில், பாசிமணி மாலை. முதல் இரண்டுக்கும் கடைக்காரர் சொன்னதுதான் விலை. மூன்றாவதற்கு மட்டும் நாம் சொன்னதுதான் விலை!

150 ரூபாய் என்றால் 50-க்குக் கேட்க வேண்டும் என்பது நமக்கு யாரும் சொல்லித்தராத பாடம். பேரருவிக்குப் போகும் வழியில், தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் நரிக்குறவர் பெண்களிடம் காட்டுகிற வீரத்தில் பத்தில் ஒரு பங்கை இன்க்ரிமென்ட் கேட்கும்போது காட்டியிருந்தால், இந்நேரம் நாம் எல்லோரும் மேனேஜர்!

அதே மாதிரி மாலையைச் சென்னையில் ஒரு ஏ.ஸி. கடையில் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டி, மஞ்சள் விளக்கு, 'ட்ரைபல் கலெக்‌ஷன்' என்று ஒரு அட்டை. விலை 899. அங்கே யாரும் பேரம் பேசவில்லை. (பேசினால் செக்யூரிட்டி ஒரு மாதிரி பார்ப்பார்.)

"எந்தப் பழங்குடிங்க இது?" என்று கேட்டேன்.

"அது ஒரு ஸ்டைல் சார்" என்றது விற்பனைப் பெண்.

பெயரில்லாத பழங்குடி!

பெயர் உள்ளவர்களைப் பார்ப்போம். நரிக்குறவர்களின் தாய்மொழி வாக்ரிபோலி, குஜராத்திக்குச் சொந்தம். வேட்டைதான் பழைய பிழைப்பு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அது போச்சு. பாசிமணி சோறு போட ஆரம்பித்தது. இவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கலாம் என்று லோகூர் கமிட்டி சொன்னது 1965-ல். பார்லிமென்டில் மசோதா நிறைவேறியது 2022 டிசம்பரில். 57 வருஷம்! அதற்குள் 'ட்ரைபல்' என்ற வார்த்தை ஷோரூமுக்குப் போய் உட்கார்ந்துவிட்டது.

குற்றாலத்துக்கு நகைப் பேச்சு புதிதல்ல. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில், காலில் விரியன் பாம்பா கடித்துக் கிடக்கிறது என்று சிங்கன் பதறுவான். அது சேலத்தில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு என்பாள் சிங்கி. ஒவ்வொரு நகையும் எங்கே, எதற்காகக் கிடைத்தது என்று கணக்கு ஒப்பிப்பாள். பி.காம். படித்தவன் கண்ணுக்கு அது முதல் தரமான ஸ்டாக் ரெஜிஸ்டர். (சிங்கி மலைக்குறத்தி. நரிக்குறவர் வேறு சமூகம். இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.) ஷோரூம் அட்டையில் இல்லாதது அந்தக் கணக்குதான்.

அமெரிக்காவில் இதற்காகக் கோர்ட்டுக்கே போனார்கள். ஜட்டி வரைக்கும் 'நவஹோ' என்று பெயர் போட்டு விற்ற அர்பன் அவுட்ஃபிட்டர்ஸ் கம்பெனி மீது 2012-ல் நவஹோ பழங்குடியினர் வழக்குப் போட்டார்கள். 2016-ல் சமரசம் ஆனது. நம் நீலகிரியிலும் தோடர்களின் பூத்தையல் 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டது. பாசிமணிக்காரர்களுக்கோ? கைதான் முத்திரை.

அந்தக் கை செய்கிற வேலையைக் கொஞ்சம் கணக்குப் பாருங்கள். இப்போது ஆபீஸில் பாதிப் பேர் கழுத்தில் கருங்காலி மாலை. 108 மணி. ஒவ்வொன்றிலும் கம்பி நுழைத்து, இரண்டு முனையையும் சின்னக் குறடால் வளைத்து, அடுத்த மணியோடு கோர்க்க வேண்டும். ஆக 216 வளைவு. ஐந்தருவிப் பக்கம் ஒரு அக்காவிடம் விலை எப்படிப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். விரல்விட்டுச் சொன்னார். மணி இவ்வளவு, கம்பி இவ்வளவு, பஸ் சார்ஜ் இவ்வளவு, லாபம் கொஞ்சம்.

"உங்க கூலி எங்கேக்கா?"

"அதைத்தான் நீங்க பேரம் பேசிக் குறைச்சுடுறீங்களே சாமி!"

ஐந்து வருஷம் அக்கவுண்டன்ஸி படித்தாலும் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லித்தர மாட்டார்கள். நாம் அடித்துக் குறைக்கிற அந்த நூறு ரூபாய் மணியின் விலையில் குறைவதில்லை, கம்பியிலும் குறைவதில்லை. 216 வளைவில்தான் குறைகிறது.

பாசிமணி போடுங்கள், தப்பே இல்லை. ஜீன்ஸுக்கும் ஜோராகத்தான் இருக்கிறது. சொன்ன விலையைக் கொடுத்து, கோர்த்த கையிடமே வாங்குங்கள். நாளைக்கு உங்கள் வீட்டுச் சிங்கி, "கழுத்துல கிடக்கிறது எந்த ஊரு, யார் கோர்த்தது?" என்று கேட்டால் சிங்கனுக்குப் பதில் தெரிய வேண்டாமா?