ஏற்றத்தில் நின்ற வண்டியும் பம்பின் மேல் விழும் பழியும்

போளூரிலிருந்தோ ஆலங்காயத்திலிருந்தோ ஜவ்வாது மலைக்குப் புறப்படும் பழைய கார், சமவெளியில் ஒரு குறையும் காட்டாமல் ஓடிவந்து, ஜமுனாமரத்தூர் ஏற்றத்தில் இரண்டாவது கியருக்கு இறங்கிய சிறிது நேரத்தில் இழுவை குன்றி, திக்கித் திணறி, ஏதேனும் ஒரு வளைவின் ஓரத்தில் நின்றுவிடுவது, அத்தகைய வண்டிகளை அபிமானத்தோடு வைத்திருப்போர் பலருக்கும் பரிச்சயமான சங்கதி. பானெட்டைத் திறந்த மாத்திரத்தில் கூடிநிற்போர் ஏகமனதாக வழங்கும் தீர்ப்பு, பெட்ரோல் பம்ப் போய்விட்டது என்பதே. அது மெய்யாகவும் இருக்கலாம். ஆயினும் விசாரணையின்றி அந்தத் தீர்ப்பை ஏற்றுப் புதுப் பம்ப் வாங்கிப் பூட்டியவர், அடுத்த ஏற்றத்திலும் அதே இடத்தில் நிற்க நேர்வதுண்டு.

2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடரானாலும், ஃபியட் 1100-இன் வழிவந்த பிரீமியர் பத்மினியானாலும், கார்புரேட்டர் காலத்து வண்டிகளில் பெரும்பாலும் எஞ்சினின் விலாவில் அமர்ந்திருக்கும் பம்ப், மின்சாரத்தின் தயவை நாடாத எளிய யந்திரம். கேம் ஷாஃப்ட் சுழலும்போது அதிலுள்ள மேடு ஒரு நெம்புகோலை அசைக்க, நெம்புகோல் டயாப்ரம் என்னும் ரப்பர் பூசிய துணித்தகட்டைக் கீழே இழுக்க, அந்த வெற்றிடத்தை நிரப்பப் பின்னாலுள்ள டாங்கியிலிருந்து பெட்ரோல் ஏறிவருகிறது. இழுப்பது நெம்புகோலின் வேலை. மேலே தள்ளுவதோ ஸ்பிரிங்கின் வேலை. எஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால், கேம் ஷாஃப்ட் அதில் பாதியே சுற்றுமாதலால், நெம்புகோல் நிமிஷத்துக்கு 1,500 முறை அசைகிறது. இவ்வளவு உழைத்தும் அது தரும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு இரண்டு முதல் நான்கு பவுண்டுதான். இக்காலத்து இன்ஜெக்‌ஷன் வண்டிகளின் மின் பம்ப் 40 பவுண்டுக்கு மேல் தருகிறது.

இத்தனை சொற்ப பலம் உடையதற்கு மலைப்பாதை கடுமையான பரீட்சை. பத்தடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில், பம்புக்கு மூன்று மீட்டர் பின்னே இருக்கும் டாங்கி, சமதரையில் இருந்ததைவிட ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் தாழ்ந்துவிடுவதால், அவ்வளவு உயரம் கூடுதலாக உறிஞ்ச வேண்டியிருக்கிறது. அதே சமயத்தில் எஞ்சினும் அதிகப் பெட்ரோலைக் கேட்கிறது. மெதுவாக ஊர்வதால் காற்றோட்டம் குறைந்து பானெட்டுக்குள் வெப்பமும் ஏறுகிறது. இம்மலையில் வானாராய்ச்சி நிலையம் அமைந்த காவலூர் கடல்மட்டத்துக்கு மேல் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறத்தாழ எட்டு சதவீதம் குறைவாதலால், பெட்ரோல் ஆவியாவதும் சற்றே சுலபமாகிறது. தரையில் மறைந்து கிடந்த சிறு தோஷமெல்லாம் மேலே வெளிப்படுவதன் ரகசியம் இதுதான்.

ஆகவே விசாரணையை நிதானமாக நடத்த வேண்டும். எஞ்சின் சுவிட்சை அணைத்தாற்போல் சட்டென்று ஓய்ந்தால் காயிலையோ டிஸ்ட்ரிபியூட்டரையோ சந்தேகிக்கலாம். விட்டுவிட்டு இழுத்துக் குலுங்கி நின்றால் பெட்ரோல் பற்றாக்குறை என்று அனுமானிக்கலாம். அடுத்து டாங்கியின் மூடியைத் திறந்து பார்ப்பது உத்தமம். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய, அதன்பின் வண்டியும் ஒழுங்காக ஓடினால், மூடியிலுள்ள காற்றுத்துளை அடைபட்டதே காரணம், பம்ப் நிரபராதி.

அதிலும் விடை கிடைக்காவிட்டால், எஞ்சின் ஆறியபின், பீடி சிகரெட்டுகளை அப்பால் அனுப்பிவிட்டு, பொறி பறக்காதபடி காயில் ஒயரைக் கழற்றி எர்த் செய்து, கார்புரேட்டருக்கு வரும் குழாயை ஒரு பாட்டிலுக்குள் விட்டுச் செல்ஃப் அடிக்க வேண்டும். பெட்ரோல் துடித்துத் துடித்துப் பீறிட்டால் பம்ப் உயிரோடிருக்கிறது. குமிழிகளோடு வந்தால் டாங்கிக்கும் பம்புக்கும் இடையே எங்கோ காற்றுப் புகுகிறது. இளநீர் உறிஞ்சும் குழலில் பொத்தல் விழுந்தால் இளநீர் வெளியே சொட்டாமல் காற்று மட்டும் வாய்க்கு வருவதுபோல, இந்தக் கசிவு தரையில் ஈரம் காட்டாது. ஐயம் தீர ஓர் உபாயம் உண்டு: பம்பின் உள்வாய்க்கு வேறு ரப்பர் குழாயைப் பூட்டி, அதன் மறுமுனையைத் தனியொரு கேனிலுள்ள பெட்ரோலில் அமிழ்த்திப் பார்த்தால், நன்றாக இறைக்கும் பம்பிடம் குற்றமில்லை, குழாயிலும் டாங்கியிலுமே தேட வேண்டும். அப்போதும் இறைக்காவிட்டால் பம்பைக் கழற்றலாம். டயாப்ரம் கிழிந்திருந்தால் பம்பின் அடித்துளையில் பெட்ரோல் சொட்டும். அல்லது எஞ்சின் ஆயிலில் கலந்து, டிப்ஸ்டிக்கில் அளவு உயர்ந்து, பெட்ரோல் வாடை வீசும். அந்நிலையில் ஆயிலையும் மாற்றாமல் வண்டியை ஓட்டலாகாது.

சற்று நேரம் நிழலில் நிறுத்தியபின் வண்டி தானாகவே கிளம்பினால், வெப்பத்தால் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வழியை அடைத்த ‘ஏர் லாக்’ என்று கொள்ளலாம். பம்பின் மேலும் குழாயின் மேலும் நனைந்த துணியைச் சுற்றுவது அனுபவஸ்தர்கள் கையாளும் பழைய வைத்தியம். சூடான எஞ்சினுக்கு அருகே செல்லும் குழாயை விலக்கிக் கட்டுவது நிலையான பரிகாரம்.

2023 பிப்ரவரியில் அறிமுகமான, 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இந்த விவகாரத்தில் புதிய அம்சத்தைச் சேர்த்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். அதைக் கருதிச் செய்யப்படாத பழைய ரப்பரை நாளடைவில் உப்பவும் கெட்டிப்படவும் செய்யும். டாங்கியில் படிந்த அழுக்கைக் கிளப்பி ஃபில்டரை அடைக்கும். எனவே டயாப்ரத்தையும் ரப்பர் குழாய்களையும் எத்தனாலைத் தாங்கும் ரகமாக மாற்றி, ஃபில்டரைப் புதுப்பித்து, அடிவாரத்து ஊரிலேயே பாட்டில் சோதனையையும் முடித்துக்கொள்வது விவேகம். சில நிமிஷ வேலையான அதைச் செய்யாதவர், தேவையற்ற பம்புக்கு விலை கொடுப்பதோடு, பழுதையும் அதன் இடத்திலேயே விட்டுவைக்கிறார்.