இரவு விடுதி ஊசியும் மயக்க மருந்தும்: பயத்தில் உண்மை எவ்வளவு?

ஒருவர் குடிக்கும் பானத்தில் அவருக்குத் தெரியாமல் மயக்க மருந்தையோ அளவுக்கு மேலான மதுவையோ கலந்து கொடுப்பது பழைய குற்றம். திருட்டுக்காகச் செய்வார்கள், பாலியல் வன்முறைக்காகச் செய்வார்கள், சிலவேளை வெறும் பகிடிக்காகவும் செய்வார்கள். 2021 ஒக்டோபரில் பிரித்தானியாவில் அந்தக் குற்றத்துக்கு ஒரு புது உருவம் சொல்லப்பட்டது. இரவு விடுதியின் இருட்டிலும் நெரிசலிலும் யாரோ ஊசியால் குத்திவிட்டு நழுவுகிறார்கள். குத்துப்பட்டவர் கொஞ்ச நேரத்தில் தள்ளாடி விழுகிறார். மறுநாள் எழும்பும்போது முதல்நாள் இரவு நினைவில் இல்லை; கையிலோ முதுகிலோ ஒரு சிவந்த புள்ளி மட்டும் இருக்கிறது. நொட்டிங்ஹாம் மாணவிகளின் முறைப்பாடுகளோடு வெளிவந்த செய்தி சில நாட்களிலேயே நாடெங்கும் பரவியது.

யாழ்ப்பாணத்து அச்சுவேலியில் இரவு விடுதி இல்லை. ஆனால் லண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் பிள்ளைகள் இருக்கிற வீடு இங்கே ஒழுங்கைக்கு ஒன்றாவது உண்டு. அங்கே பேசப்படுவது அன்றிரவே வட்ஸ்அப்பில் இங்குள்ள தாய்மாரின் கைக்கு வந்துவிடுகிறது. நடந்தது எது, நடந்ததாக நம்பப்பட்டது எது என்ற பிரிப்பு அந்தச் செய்திகளில் இருப்பதில்லை. இரண்டையும் ஒன்றாக நம்புகிறவர்கள் ஒரு பக்கம், இரண்டையும் ஒன்றாக மறுக்கிறவர்கள் மறுபக்கம்.

முறைப்பாடுகளின் தொகை சிறியதல்ல. 2021 செப்டெம்பரிலிருந்து அடுத்த ஜனவரி வரை பிரித்தானியப் பொலிஸாருக்கு ஊசிக் குத்துப் பற்றி மட்டும் சுமார் 1,300 முறைப்பாடுகள் வந்தன. விடுதிக்குள் போகிற எல்லோரையும் வாசலில் சோதனையிட வேண்டும் என்ற மனுவில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். ஒக்டோபர் கடைசியில் பல நகரங்களின் மாணவிகள் ஓரிரவு விடுதிகளைப் பகிஷ்கரித்தார்கள். நாடாளுமன்றத்தின் உள்துறைக் குழு விசாரித்து 2022 ஏப்ரலில் அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு பிரான்சிலும் இதே பயம் பரவியது. 2025 ஜூன் 21ஆம் திகதி, பிரான்சின் தெருவெல்லாம் பாட்டும் ஆட்டமுமாக இருக்கும் இசை விழா இரவில், 145 பேர் தங்களை யாரோ குத்தியதாக முறையிட்டார்கள். 12 பேர் தடுத்து வைக்கப்பட்டனர். பெண்களை ஊசியால் குத்தத் தூண்டும் பதிவுகள் விழாவுக்கு முன்பே சமூக ஊடகங்களில் சுற்றியிருந்தன. முறைப்பாடுகள் இவ்வளவு இருந்தும், ஊசி வழியாக மயக்க மருந்து ஏற்றப்பட்டது என்று ஆய்வுகூடம் உறுதி செய்த சம்பவம் மிக அரிது.

இந்த இடைவெளிக்கு மருந்தியலில் காரணம் இருக்கிறது. கொவிட் காலத்தில் போட்ட சினோபாம் தடுப்பூசி ஒரு தடவைக்கு 0.5 மில்லிலீற்றர். சட்டைக் கையை மடித்து, அசையாமல் உட்கார்ந்திருந்தபோது, பழகிய கை போட்ட ஊசி அது. கெற்றமின் என்ற மயக்க மருந்தைத் தசையில் ஏற்றி ஒருவரை மயக்க, உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 4 மில்லிகிராமாவது வேண்டும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 220 மில்லிகிராம். மில்லிலீற்றருக்கு 50 மில்லிகிராம் செறிவுள்ள மருந்தென்றால் நான்கு மில்லிலீற்றருக்கு மேல் போகும். தடுப்பூசியின் எட்டு மடங்குக்கும் அதிகம். அவ்வளவையும் ஆடிக்கொண்டிருக்கும் ஒருவரின் தசைக்குள் தள்ளச் சில விநாடிகள் ஊசியைப் பிடித்தபடி நிற்க வேண்டும், அவரும் நோவில் திரும்பிப் பார்க்காமல் இருக்க வேண்டும். இரவு விடுதிக் குற்றங்களில் அடிக்கடி பேர் அடிபடும் ஜி.எச்.பி. என்ற திரவமோ கிராம் கணக்கில் கொடுத்தால்தான் வேலை செய்யும். பானத்தில் கலக்க அது தோதானது, ஊசிக்குத் தோதில்லாதது. துளியளவில் வேலை செய்யும் வலுவான மருந்துகளும் இல்லாமலில்லை. ஆனால் அவை மூச்சையே நிறுத்தக்கூடியவை. ஆள் மயங்கவும் வேண்டும், சாகவும் கூடாது என்ற அளவை இருட்டில், ஓடுகிற கையால் கொடுப்பது தேர்ந்த மயக்க மருத்துவருக்கே முடியாத காரியம்.

ஆகவே ஊசி வழி மயக்கம் நடக்கவே முடியாதது என்றில்லை. சொல்லப்பட்ட அளவில் நடந்திருக்க முடியாது. அதே வேளையில், மருந்தே இல்லாத வெறும் ஊசியால் ஒரு பெண்ணைக் குத்திவிட்டு ஓடுவதும் தாக்குதல்தான். அதைப் பீதி என்ற சொல்லுக்குள் போட்டு மூடுவது நியாயமில்லை. பாரிசில் 1819இலேயே தெருவில் பெண்களைக் கூரான ஆயுதத்தால் குத்தும் ஆட்களைப் பற்றிய பெரும் பீதி கிளம்பியது. வதந்தி பெருத்தது உண்மை, உண்மையாகவே குத்துப்பட்டவர்கள் இருந்ததும் உண்மை.

பானத்தில் கலந்தார்கள் என்ற முறைப்பாடுகளைச் சந்தேகிப்பவர்களிடமும் ஆதாரம் இருக்கிறது. வடக்கு வேல்ஸில் உள்ள ரெக்ஸம் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு, பானத்தில் எதையோ கலந்துவிட்டார்கள் என்று சொல்லி வந்தவர்களை மருத்துவர்கள் ஓராண்டு ஆராய்ந்து 2007இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வந்தவர்கள் 75 பேர். மாதிரி சோதிக்கப்பட்ட 42 பேரில் 8 பேரிடமே போதைப்பொருள் தென்பட்டது. மூன்றில் இரண்டு பங்கினரின் இரத்தத்தில், வாகனம் ஓட்ட அந்நாட்டில் அனுமதிக்கப்பட்ட அளவைவிட இரு மடங்குக்கும் மேலாக மது இருந்தது. மது தனியாகவே நினைவை அழிக்கும். நடந்து, பேசி, வாடகைக் காரில் ஏறி வீட்டுக்குப் போனவருக்குக்கூட அந்த மணித்தியாலங்கள் மறுநாள் ஞாபகத்தில் இல்லாமற்போகும். 2009இல் சமூகவியலாளர் அடம் பேர்ஜெஸும் அவருடைய சகாக்களும் எழுதிய ஆய்வு, மாணவர்கள் அந்நியர் கலக்கும் மருந்துக்குப் பயப்படும் அளவுக்குத் தாங்களே குடிக்கும் மதுவுக்குப் பயப்படுவதில்லை என்றது. இங்கிலாந்தில் 2021 ஜூலையில்தான் பெருந்தொற்று முடக்கம் தளர்ந்து விடுதிகள் திறந்தன. பதினெட்டு, பத்தொன்பது வயதில், மதுவின் அளவு பழகாமல், முதன்முதலாக அங்கே போனவர்கள் ஏராளம்.

இந்த இடத்தில் நின்றுவிடுகிற சந்தேகவாதி ஒன்றைக் கவனிப்பதில்லை. இரத்தத்தில் மது கூடியிருந்ததென்றால், அவ்வளவையும் அவரே தெரிந்து குடித்தாரா? ஒரு அளவு கேட்டவருக்கு இரண்டு அளவு ஊற்றிக் கொடுத்தால் ஆய்வுகூடம் அதையும் மது என்றுதான் சொல்லும். பானத்தில் மிகச் சாதாரணமாகக் கலக்கப்படுவதும் மதுதான். அடுத்தது நேரம். ஜி.எச்.பி. இரத்தத்தில் எட்டு மணித்தியாலம் வரையும் சிறுநீரில் பன்னிரண்டு மணித்தியாலம் வரையுமே தெரியும். இரவு பதினொரு மணிக்குக் குடித்தவர் மறுநாள் மத்தியானம் தெளிந்து, வெட்கப்பட்டு, யோசித்து, பின்னேரம் வைத்தியசாலைக்குப் போனால் சோதனையில் ஒன்றும் இருக்காது. ஒன்றுமில்லை என்ற அந்த அறிக்கை பிறகு அவருக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது.

மது கூடிவிட்டது என்ற எண்ணம் உண்மையை எப்படி மறைக்கும் என்பதை மான்செஸ்டரில் நடந்தது காட்டும். றெய்ன்ஹார்ட் சினாகா என்ற மாணவன், விடுதிகளிலிருந்து தனியாக வெளியே வந்த இளைஞர்களை அருகிலிருந்த தன் அறைக்குக் கூட்டிப்போய்ப் பானம் கொடுத்து மயக்கி வன்புணர்ந்தான். 2020 ஜனவரியில் வழக்குகள் முடிந்தபோது, 48 ஆண்களுக்கு எதிரான 159 குற்றங்கள் நிரூபணமாகியிருந்தன. பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குப் பொலிஸார் கதவைத் தட்டும்வரை தங்களுக்கு என்ன நடந்ததென்றே தெரியாது. கூடக் குடித்துவிட்டோம் என்று நினைத்திருந்தார்கள். 2017இல் ஒருவர் இடையில் விழித்தெழுந்ததால் அவனுடைய கைத்தொலைபேசி பொலிஸாரிடம் சிக்கியது. அதில் இருந்த காணொளிகளே சாட்சி. பயம் பெண்களை மட்டும் எச்சரித்துக்கொண்டிருந்த காலத்தில் இது நடந்தது. பிரான்சில் ஜிசெல் பெலிகோ வழக்கு இன்னொரு பக்கத்தைத் திறந்தது. லொறாசிபாம் குளிசையை உணவிலும் பானத்திலும் கலந்து ஏறக்குறைய பத்தாண்டு அவரை மயக்கியவர் அவருடைய கணவர். இடம் சொந்த வீடு. 2024 டிசெம்பர் 19இல் கணவருக்கு 20 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. அவரோடு சேர்த்து 51 ஆண்கள் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர்.

தெற்காசியாவில் இந்தக் குற்றத்தின் பழைய மருந்து ஊமத்தை. வேலியோரத்திலும் குப்பை மேட்டிலும் வெள்ளைக் குழல் பூவோடு நிற்கிற அதே செடி. கல்கத்தாவில் பணியாற்றிய மருத்துவர் நோர்மன் செவர்ஸ் 1856இல் எழுதிய சட்ட மருத்துவ நூலில், வழிப்போக்கர்களோடு நட்பாகச் சேர்ந்து, உணவில் ஊமத்தை விதையைக் கலந்து கொடுத்துப் பணத்தைப் பறிக்கும் கூட்டங்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அதை உண்டவருக்கு வாய் வரளும், கண்மணி விரியும், பேச்சுக் குழறும். இல்லாத நூலை இழுப்பதுபோல் உடுப்பைப் பிடுங்கிக்கொண்டே இருப்பார். தெளிந்த பிறகு எதுவும் நினைவிருக்காது. இந்தியச் சட்ட மருத்துவப் பாடநூல்களில் இன்றைக்கும் ஊமத்தை விதையையும் மிளகாய் விதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேறுபாடு சொல்லித் தருவார்கள். மிளகாய் விதை சிறிது, வெளிர் மஞ்சள், மெல்லியது, உறைக்கும். ஊமத்தை விதை சற்றுப் பெரிது, மண்ணிறம், சிறுநீரக வடிவம், கசக்கும். செம்மண் தோட்டத்தில் மிளகாய் நடுகிற அச்சுவேலிக்காரருக்கு இது பார்த்தவுடன் பிடிபடும். அரைத்துக் கறியில் போட்டுவிட்டால் யாருக்கும் பிடிபடாது.

இன்றைய இலங்கையில் அந்தக் குற்றம் நீண்டதூரப் பஸ்ஸிலும் ரயிலிலும் நடக்கிறது. பக்கத்து ஆசனக்காரர் அன்பாகப் பிஸ்கற்றோ சோடாவோ நீட்டுகிறார்; விழிக்கும்போது சங்கிலியும் பையும் இல்லை. இப்படியான சம்பவங்கள் பத்திரிகைகளில் பலமுறை வந்திருக்கின்றன. கொழும்புக்கு இரவுப் பஸ் ஏறுகிற ஒருவருக்கு, லண்டன் விடுதி ஊசியைவிட இதுவே கிட்டிய அபாயம்.

பீதியும் மறுப்பும் மோதினால் என்ன ஆகும் என்பதை யாழ்ப்பாணம் 2011 ஓகஸ்டில் பார்த்தது. உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம மனிதர்கள் இரவில் பெண்களைத் தாக்குகிறார்கள் என்ற செய்தி மலையகத்திலும் கிழக்கிலும் பரவி வடக்குக்கு வந்தது. கிறீஸ் பூதம் என்று பேரும் வந்தது. கிண்ணியாவில் மக்கள் கடற்படை முகாமைச் சூழ்ந்தார்கள். புத்தளத்தில் ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் கூட்டத்தால் கொல்லப்பட்டார். ஓகஸ்ட் 22 இரவு நாவாந்துறையில், தாங்கள் துரத்திய ஆட்கள் இராணுவ முகாம் பக்கம் ஓடி மறைந்ததாக மக்கள் சொன்னார்கள். அன்றிரவே படையினரும் பொலிஸாரும் வீடு வீடாகப் புகுந்து நூறு பேர் வரையில் அடித்து இழுத்துச் சென்றனர். பலர் காயங்களோடு வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டனர். அரசு வதந்தி என்று அறிவித்தது. கிறீஸ் பூதம் என்ற உருவத்தை நம்ப ஆதாரம் போதாதுதான். ஆனால் தங்களைத் தாக்கியதாகச் சொன்ன பெண்களின் முறைப்பாடு ஒவ்வொன்றையும் தனித்தனியாக, பொறுமையாக விசாரித்து முடிவைச் சொல்லியிருந்தால், போர் முடிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த ஒரு சமூகம் தடிகளோடு தெருவுக்கு வந்திராது. விசாரிக்காமல் மறுத்தது வதந்திக்குத்தான் உரம் போட்டது.

சந்தேகம் எழும்போது செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. மயங்கினவரைத் தனியே படுக்க விடக் கூடாது. வாந்தி எடுத்தால் மூச்சடைக்காதபடி ஒருக்களித்துப் படுக்கவைத்து, வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். அவர் முதலில் கழிக்கும் சிறுநீரே மிகப் பெறுமதியான தடயம். வைத்தியசாலை தூரமென்றால் சுத்தமான போத்தலில் பிடித்துக் குளிரில் வைத்து எடுத்துப்போகலாம். மிஞ்சிய பானத்தை ஊற்றிவிடக் கூடாது. அச்சுவேலிப் பகுதியில் இருப்பவர் கிட்டிய அரச வைத்தியசாலைக்குப் போனால், தேவைப்படுமிடத்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பிவைப்பார்கள். மாதிரிகள் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போகும். நாட்கள் கடந்துவிட்டாலும் எல்லாம் முடிந்துவிடாது. சில மருந்துகளின் தடயத்தை மூன்று, நான்கு வாரங்களுக்குப் பிறகு தலைமயிரில் கண்டுபிடிக்கும் முறை வெளிநாட்டு ஆய்வுகூடங்களில் உண்டு.

ஊசிக் குத்து என்றால் மருந்தைவிடத் தொற்றைப் பற்றியே முதலில் யோசிக்க வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால்கூடத் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று அளவுதான். தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால் அதுவும் பெரிதும் குறையும். தடுப்பூசி போடாதவருக்கு மஞ்சட்காமாலை பி வகை வைரஸ் இதைவிடப் பல மடங்கு எளிதில் தொற்றும். அதற்கும் உடனே போட்டுக்கொள்ள ஊசி இருக்கிறது. குத்துப்பட்ட இடத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு கழுவ வேண்டும், பிதுக்கக் கூடாது.

சட்டத்தில் இடைவெளி இல்லை. பிரித்தானியாவில் 1861ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே நஞ்சு கொடுப்பது குற்றம். 2003ஆம் ஆண்டின் பாலியல் குற்றச் சட்டம், பாலியல் செயலுக்காக ஒருவரை மயக்கும் நோக்கத்தோடு எதையும் கொடுப்பதைத் தனிக் குற்றமாக்கியது. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 363ஆம் பிரிவு, ஆணோ வேறொருவரோ கொடுத்த மதுவாலோ மருந்தாலோ போதையில் இருந்த பெண்ணின் சம்மதத்தைச் சம்மதமாக ஏற்பதில்லை. அவள் தானாக விரும்பிக் குடித்த முதல் கிளாஸ் இதில் எதையும் மாற்றாது. வழக்குகள் சறுக்குவது தடயத்தில். பெரும்பாலும் அந்தத் தடயம், வீட்டாரோ பொலிஸாரோ வைத்தியசாலை ஊழியரோ முதல் பன்னிரண்டு மணித்தியாலத்தில் கேட்கும் கேள்வியிலேயே தொலைகிறது: ஏன் அங்கே போனாய்?