பகைக்கு நடுவே பங்கிட்ட மீன்

யாழ்ப்பாணத்து இணுவிலுக்குக் கடல் இல்லை. காங்கேசன்துறை வீதியின் இருபுறமும் செம்மண் தோட்டம், கிணறு, புகையிலை, மரக்கறி. மீன் கரையோர ஊர்களிலிருந்துதான் வரவேண்டும். ஆனால் 1980களில் போருக்குத் தப்பி இப்படியான யாழ்ப்பாண ஊர்களிலிருந்து நோர்வே போனவர்கள் பலர், அந்நாட்டின் வடகோடியான ஃபின்மார்க்கில் இறங்கினார்கள். துருவ வட்டத்துக்கும் அப்பால், குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியன் எழும்பாத ஊர்கள். அங்கே கிடைத்த வேலை, ஆலைகளில் மீன் வெட்டுவது.

அவர்கள் கத்திக்கு அடியில் வந்த மீன்களில் முக்கியமானது கொட். அது ஒரு நாட்டுக்குள் அடங்கும் மீன் அல்ல. மாசி, பங்குனியில் நோர்வேயின் லொஃபோடன் தீவுகளருகே முட்டையிடும். குஞ்சுகளைக் கரையோர நீரோட்டம் வடகிழக்கே பேரன்ட்ஸ் கடலுக்கு அடித்துப் போகும். அங்கே நோர்வேப் பக்கமும் ரஷ்யப் பக்கமுமாக மேய்ந்து வளர்ந்து, ஏழெட்டு வயதில் முட்டையிடத் திரும்பும். குஞ்சை ரஷ்யா வாரினால் நோர்வேக்கு நட்டம். தாய்மீனை நோர்வே அள்ளினால் ரஷ்யாவுக்கு நட்டம்.

இது பனிப்போர்க் காலத்திலேயே இருவருக்கும் விளங்கிவிட்டது. நோர்வே நேட்டோ நாடு. பக்கத்தில் சோவியத் ஒன்றியம். ஆனாலும் 1976 முதல் இரு நாட்டு மீன்பிடி ஆணையம் ஆண்டுதோறும் கூடி, அடுத்த ஆண்டு எவ்வளவு பிடிக்கலாம் என்று முடிவெடுக்கிறது. பிற நாடுகளுக்கு ஒரு பங்கு ஒதுக்கியபின் கொட் சரிபாதி. இத்தனைக்கும் 1,75,000 சதுர கிலோமீற்றர் கடல் யாருடையது என்ற வழக்கு அப்போது தீரவில்லை. அதற்கான உடன்படிக்கை 2010இல்தான் கையெழுத்தானது.

இருக்கும் மீனை எண்ணுவது எப்படி? நோர்வேயின் பேர்கன், ரஷ்யாவின் மூர்மான்ஸ்க் நகரங்களின் ஆய்வுக் கப்பல்கள் ஒலியலை அனுப்பி மீன்கூட்டத்தை அளக்கும். பிடித்த மீனின் தலையைப் பிளந்து செவிக்கல்லை எடுப்பார்கள். அவரை விதையளவு சுண்ணாம்புக் கல் அது. குறுக்கே முறித்தால் மரத்தில் இருப்பதுபோலவே ஆண்டு வளையங்கள். வயதுக் கணக்குத் தெரிந்தால், எத்தனை தாய்மீன் மிஞ்சும் என்பதும் தெரியும். வலைக்கண்ணும் 2011 முதல் இருபக்கமும் ஒன்றே: 130 மில்லிமீற்றர்.

2022இல் உக்ரேன் போர் மூண்டது. சர்வதேசக் கடலாய்வு மன்றம் ரஷ்யாவை இடைநிறுத்தியது. ஆனாலும் நோர்வே, ரஷ்ய விஞ்ஞானிகள் தனிக்குழு அமைத்து எண்ணுவதைத் தொடர்ந்தார்கள். மீன் குறைந்தது தெரிந்தது. 2013இல் 10 இலட்சம் தொன்னாக இருந்த பிடி அளவை 2025க்கு 3,40,000 ஆக வெட்டவும் இருவரும் இணங்கினார்கள்.

நம் பக்கக் கடலில் கதை வேறு. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே பாக்கு நீரிணையில் 1974 ஒப்பந்தம் எல்லைக்கோட்டைக் கீறியது. 2016இல் இரு நாட்டுக் கூட்டுப் பணிக்குழு வந்தது. 2017இல் இலங்கை இழுவைமடியைத் தடைசெய்தது. இன்றும் தமிழ்நாட்டு இழுவைப்படகுகள் இலங்கையின் வட பகுதி மீனவரின் வலைகளை அறுத்துப் போகின்றன. கூலிக்கு அவற்றில் வந்தவர்கள் சிறைக்குப் போகிறார்கள். நோர்வேக்காரர் ரஷ்யரோடு பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டும். இங்கே இரு கரையிலும் தமிழ். ஆனால், கடலில் எவ்வளவு இறால் உண்டு, யாருக்கு எவ்வளவு என்று இருவரும் சேர்ந்து குறித்த ஆண்டு அளவு ஒன்று இன்னும் இல்லை.