உயிரணுவைக் காக்கும் காவலர்கள்



ஈரத்தோடு வைத்த பால்வெட்டுக் கத்தி துருப்பிடிக்கிறது. நறுக்கிய கத்தரிக்காய் கறுக்கிறது. பழைய தேங்காயெண்ணெய் காறிப்போகிறது. மூன்றுக்கும் காரணம் ஆக்ஸிஜன் என்னும் பிராணவாயு. இந்த மாற்றத்தை ஆக்ஸிஜனேற்றம் என்கிறோம். நம் உடலிலும் இது ஓயாமல் நடக்கிறது.

இதனை அறிய, விஞ்ஞானிகள் உயிரணுக்களைக் கண்ணாடிக் கிண்ணத்தில் சத்துநீர் ஊற்றி வளர்க்கிறார்கள். அவை வளர எந்தெந்த அமினோ அமிலங்கள் தேவை என்பதை 1955-இல் அமெரிக்க விஞ்ஞானி ஹாரி ஈகிள் கண்டறிந்தார். அமினோ அமிலங்கள் என்பவை புரதச்சத்தைக் கட்டும் செங்கற்கள்.

அவற்றுள் சிஸ்டீன் என்பது கந்தகம் கொண்டது. சத்துநீரில் காற்றுப் பட்டதும், இரண்டு சிஸ்டீன்கள் கைகோத்து இரட்டையாகிவிடும். உயிரணு அந்த இரட்டையை உள்ளே இழுத்து, மறுபடியும் பிரித்துக்கொள்கிறது. அதனோடு வேறு இரண்டு அமினோ அமிலங்களைச் சேர்த்துக் குளூட்டாதயோன் என்னும் காவலனை உண்டாக்குகிறது. உயிரணுவின் சவ்விலுள்ள கொழுப்பு காறிப்போகாமல் காப்பது இக்காவலன்தான்.

சத்துநீரில் அந்த இரட்டை இல்லாவிட்டால் என்ன ஆகும்? காவலன் குறைவான், உயிரணு மடியும். ஆனால் 1977-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் அத்தகைய சத்துநீரில் வைட்டமின் ஈ சேர்த்தபோது, மனித உயிரணுக்கள் பிழைத்தன. வைட்டமின் ஈ ஓர் ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான். அதில் கந்தகம் இல்லை. அதனால் அது சிஸ்டீனாக மாற முடியாது. வீட்டில் பற்றிய தீயை அது அணைத்தது. உலைக்கு அரிசி தரவில்லை.

அப்படியானால் தடுப்பான் மாத்திரைகளை வாங்கி விழுங்கலாமா? கிண்ணம் வேறு, உடல் வேறு. செம்பனைப் பழத்திற்குச் செந்நிறம் தரும் பீட்டா கரோட்டினும் ஒரு தடுப்பான்தான். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் ஏறத்தாழ 29,000 பேரை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 1994-இல் வெளிவந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 விழுக்காடு கூடியிருந்தது!

ஆகவே, விளம்பரத்தை நம்பிச் சம்பளப் பணத்தை மாத்திரைக்குக் கொடுக்க வேண்டாம். முட்டை, நெத்திலி, சோற்றோடு பருப்பு ஆகியவை சிஸ்டீனுக்கு வழி செய்யும். கீரையும் பழமும் தடுப்பான்களைத் தரும். புகையை விட்டால் தீயே குறையும். காவலனை உண்டாக்க உயிரணுவுக்குத் தெரியும். அதற்கு வேண்டியதை உணவாகக் கொடுப்பது நம் பொறுப்பு.