தடையும் தணிவும்: புதுக்குடியிருப்புகளின் சாலைப் பாதுகாப்பு

ஒரு சொல் மொழியில் நிலைபெறும்போது அதனோடு ஒரு கருத்தும் நிலைபெற்றுவிடுகிறது. சாலையின் குறுக்கே எழுப்பப்படும் மேட்டிற்கு 'வேகத்தடை' என்று பெயரிட்டோம். அதன் பயனாக, விரைவைக் கட்டுப்படுத்த மேடு ஒன்றே வழி என்னும் எண்ணமும் மக்கள் மனத்தில் வேரூன்றியது. மேலைநாட்டார் இத்துறைக்கு இட்ட பெயரோ 'போக்குவரத்தை அமைதிப்படுத்துதல்' என்னும் பொருளது. தமிழில் இதனைப் 'போக்குவரத்துத் தணிவு' எனலாம். சினம் தணிதல், வெம்மை தணிதல் என்பன போல விரைவும் தணிதல் வேண்டும் என்பதே இதன் கருத்து. தடைக்கும் தணிவுக்கும் உள்ள வேறுபாடு சொல்லாராய்ச்சியோடு முடிவதன்று. நம் பகுதியில் அது உயிர்ச் சிக்கலாகவே உள்ளது.

இராசபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட தொலைவு பத்துப் பன்னிரண்டு கி.மீ. அளவினதே. முன்னர் 208 எனவும் இன்று 744 எனவும் எண்ணிடப்பெற்ற கொல்லம் – திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை இவ்விரு ஊர்களையும் இணைக்கிறது. கேரளம் செல்லும் சரக்கு லாரிகள், தென்காசி, செங்கோட்டைப் பேருந்துகள், கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் ஊர்திகள், பணிமுறை மாறும் வேளையில் நூற்பாலைத் தொழிலாளரின் சைக்கிள்கள், பள்ளிப் பிள்ளைகள் என அனைவருக்கும் இச்சாலையே வழி. இதன் இருமருங்கும் வயலாகவும் தென்னந்தோப்பாகவும் கிடந்த நிலங்களிற் பல, இன்று கல் நட்டு, நுழைவளைவு கட்டி, 'நகர்' என்று பெயர் சூட்டப்பெற்ற மனைகளாகிவிட்டன. மனை விற்போர் விளம்பரத்தில் 'மெயின் ரோட்டின் மேலேயே' என்பது தலையாய சிறப்பு. அச்சிறப்பே அங்குக் குடியேறுவோர்க்குத் தலையாய இடராகவும் அமைகிறது.

இதன் காரணம் எளிது. இருபுறமும் வெற்று வயலாக இருந்த காலத்தில் அவ்விடத்தை 80 கி.மீ. விரைவில் கடந்து பழகிய ஓட்டுநருக்கு, அங்கே ஒரு தெருவாய் திறந்திருப்பது கண்ணில் படினும் கருத்தில் படுவதில்லை. மணிக்கு 30 கி.மீ. விரைவில் செல்லும் ஊர்தி ஒரு வினாடியில் 8 மீட்டர் தொலைவைக் கடக்கும், 60 கி.மீ. விரைவில் செல்வது ஏறத்தாழ 17 மீட்டரைக் கடக்கும். குறுக்கே வரும் சிறுவனைக் கண்டு பிரேக்கை மிதிப்பதற்குள் ஒரு வினாடி கழிந்துவிடும். அதன்பின் வண்டி நிற்கும் தொலைவையும் சேர்த்து நோக்கின், உலர்ந்த சாலையில் முன்னதற்கு ஏறத்தாழ 14 மீட்டரும், பின்னதற்கு ஏறத்தாழ 40 மீட்டரும் தேவை. விரைவு இருமடங்காயின் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பள்ளிப் பாடம். சராசரி விரைவு ஒரு விழுக்காடு கூடினால் உயிர்ப்பலி விபத்துகளின் வாய்ப்பு நான்கு விழுக்காடு கூடும் என உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. 2022ஆம் ஆண்டில் தமிழகச் சாலைகளில் 64,105 விபத்துகள் நேர்ந்தன. 17,884 பேர் மாண்டனர். விபத்து எண்ணிக்கையில் அவ்வாண்டு நாட்டிலேயே நம் மாநிலமே முதலிடம் என்பது பெருமைக்குரியதன்று.

இனி மேட்டின் கதைக்கு வருவோம். நோபெல் பரிசு பெற்ற இயற்பியலறிஞர் ஆர்தர் காம்ப்டன், 1953இல் தம் பல்கலைக்கழக வளாகத்தில் ஊர்திகள் விரைவதைக் கண்டு இத்தகைய மேட்டினை வடிவமைத்தார். அணுவை ஆராய்ந்தவர் தெருவையும் ஆராய்ந்தார் என்பது சுவையான செய்தி. பின்னர் 1973இல் பிரித்தானியச் சாலை ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வாட்ஸ் என்பவர் ஓர் உண்மையை நிறுவினார். ஒரு சாண், இரு சாண் அகலமே உள்ள குறுகிய மேட்டினை மெதுவாகக் கடந்தால்தான் குலுக்கல் மிகுதி. விரைந்து கடந்தால் அக்குலுக்கலைச் சக்கரமும் ஸ்பிரிங்கும் விழுங்கிவிடுகின்றன. அகன்று, மெல்ல உயர்ந்து, மெல்லத் தாழும் மேடோ விரைவு கூடக்கூடக் குலுக்கலையும் கூட்டும். அதாவது குறுகிய மேடு மெதுவாகச் செல்பவனைத் தண்டித்து, விரைபவனை விட்டுவிடுகிறது!

இந்தியச் சாலைக் குழுமம் 1988இல் வகுத்த நெறிமுறை இவ்வகன்ற மேட்டினையே பரிந்துரைத்தது. அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர், கடக்கும் விரைவு 25 கி.மீ. மேட்டிற்கு 40 மீட்டர் முன்னரே எச்சரிக்கைப் பலகை நடவேண்டும். மேட்டின்மீது கறுப்பு வெள்ளைப் பட்டைகள் தீட்டவேண்டும். 2018இல் இந்நெறிமுறை விரிவாக்கப்பெற்றபோது அதன் தலைப்பிலேயே 'போக்குவரத்துத் தணிவு' இடம்பெற்றது.

நம் தெருக்களில் காண்பது யாது? ஒரு விபத்து நேர்ந்த மறுநாள், எஞ்சிய தாரையும் சல்லியையும் குவித்து, ஒரே இரவில் எழுப்பிய கூர்மேடுகளே பல. பலகையுமில்லை, பட்டையுமில்லை. இருசக்கர வண்டியின் பின்னிருக்கையில் ஒருபக்கமாக அமர்ந்து, மடியில் குழந்தையுடன் வரும் தாய் தூக்கியெறியப்படுவது இத்தகைய மேட்டில்தான். ஆம்புலன்ஸில் கிடப்பவரின் முறிந்த எலும்பும் அதன் கூர்மையை அறியும். அளவறியாத தடை, தானே ஓர் இடராகிவிடுகிறது.

தேசிய நெடுஞ்சாலையின் மீதே மேடு கேட்போரும் உளர். அத்தகைய சாலைகளில் உள்ள வேகத்தடைகளை அகற்றுமாறு நடுவண் அமைச்சகம் 2016இல் அறிவுறுத்தியது. விரைந்து வரும் கனரக ஊர்தி எதிர்பாராத மேட்டில் நிலைகுலையும் என்பதே காரணம். அங்குக் கேட்கத்தக்கவை எச்சரிக்கைப் பலகை, ஒளிவிளக்கு, வரிவரியாக இடப்படும் தாழ்ந்த அதிர்வுப் பட்டைகள் ஆகியன. மேட்டினை இடவேண்டிய இடம், புதிய நகரின் தெரு நெடுஞ்சாலையைத் தொடும் வாயிலுக்குச் சற்று உட்புறம். அது உள்ளிருந்து விரைந்து வெளிப்படும் இளைஞனை ஒரு கணம் நிறுத்தி இருபுறமும் நோக்கச் செய்யும். நுழைவளைவின் தூணும் விளம்பரத் தட்டியும் அவன் பார்வையை மறைக்குமாயின் மேடிட்டும் பயனில்லை.

நகருக்குள்ளேயும் இடர் உண்டு. மனை பிரிப்போர் நூல் பிடித்தாற்போல் நெடிய நேர்த்தெருக்களை அமைப்பது வழக்கம். அத்தகைய தெரு விரைவை அழைக்கும். 1960களின் இறுதியில் ஆலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் மேடுகளை மட்டும் நம்பாமல், மரங்களாலும் இருக்கைகளாலும் தெருவின் போக்கையே வளைத்து நெளித்தனர். ஊர்தி நடைவேகத்தில் ஊர்ந்தது. தெரு குழந்தைகளின் முற்றமாயிற்று. 1976இல் அந்நாட்டுச் சட்டமே இத்தெருக்களை ஏற்றது. திருவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரைக் கண்டோர்க்கு இக்கருத்து எளிதில் விளங்கும். அப்பெருந்தேரை ஒவ்வொரு முனையிலும் திருப்புவதும் நிறுத்துவதும் முட்டுக்கட்டை இடுவோரின் கைத்திறம். கட்டையை எங்கே, எக்கோணத்தில், எப்போது இடுவது என்பதை அவர்கள் அறிவர். 'முட்டுக்கட்டை' என்னும் சொல் வெறும் இடையூறு என்ற பொருளில் இன்று வழங்குவது அத்தொழிலுக்கு நாம் செய்த அநீதியே.

இவையெல்லாம் மனை வரைபடத்திலேயே முடிவாக வேண்டுவன. தெருவகலம் பற்றி இருவர் பிணங்கினால் அதனை ஏழு முழமாகக் கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். பாதையில் அமர்வோர் பாதைக்குரிய உரிமையைப் பேணவேண்டும் எனவும் பணித்தார்கள். வீடெழும்பிய பின் அகலத்தை எங்கே தேடுவது? இரு தெருக்கள் கூடும் முனையில் மனையின் மூலையைச் சாய்வாக வெட்டிவிடவேண்டும் என்பது விதி. எதிர்வரும் வண்டியைக் காண்பதற்கென விட்ட அம்மூலையில் பெட்டிக்கடை முளைத்தால் விதியினால் ஆவதென்ன? மனை வாங்குவோர் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் நோக்குவது போல் இம்மூலையையும் நடந்து நோக்குதல் நன்று.

குடியேறிவிட்டோர் முதலில் அறியவேண்டியது, எச்சாலை எவருடையது என்பதே. நெடுஞ்சாலைக்கு அதற்குரிய துறையினரிடமும் மாவட்ட ஆட்சியரின் சாலைப் பாதுகாப்புக் குழுவிடமும் முறையிடவேண்டும். உள்தெருக்கள், ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவாயின், தானப்பத்திரத்தின் வழி உள்ளாட்சிக்கு உரியவை. ஊராட்சி எல்லையாயின் கிராம சபையில் தீர்மானம் இயற்றலாம். 2019இல் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 198-அ பிரிவின்படி, பாதுகாப்பு நெறிகளைப் புறக்கணித்ததால் உயிரிழப்போ ஊனமோ நேரின், சாலை அமைத்தோர்க்கும் பராமரிப்போர்க்கும் ஓர் இலட்ச ரூபாய் வரை அபராதம் உண்டு. மனுவில் 'வேகத்தடை வேண்டும்' என்று மட்டும் எழுதாமல், இடம், அகலம், உயரம், பலகை, விளக்கு ஆகியவற்றையும் குறித்தெழுதுதல் வேண்டும். பட்டைகளுக்கு ஆண்டுதோறும் வண்ணம் பூசுவதையும் சேர்த்தெழுதுக. ஐப்பசி மழைக்குப்பின் அவை மங்கிவிடும். இருள் பிரியாத நேரத்தில் ஃபஜ்ர் தொழுகைக்குச் சைக்கிளில் செல்லும் முதியவருக்கு மேடு எது, தெரு எது என்று தெரிவதில்லை.