இறைநாட்டமும் நாளைய திட்டமும்

'இன்ஷா அல்லாஹ்' என்னும் சொற்றொடர் நம் இல்லங்களில் நாள்தோறும் ஒலிப்பது. திருமண அழைப்பிதழில் தொடங்கிக் கடனைத் திருப்பித் தரும் வாக்குறுதி வரை அது இடம்பெறாத இடமில்லை. 'அல்லாஹ் நாடினால்' என்பது அதன் பொருள். தமிழாசிரியராகிய நமக்கு இதில் ஓர் இலக்கண ஐயம் எழுவதுண்டு. 'நாடினால்' என்பது வினையெச்சம். நன்னூலார் எதிர்காலத்துக்கு உரியதாகக் கூறும் 'செயின்' என்னும் வாய்பாட்டின் பொருளில் நிற்பது. எச்சம் தனித்து நில்லாது, முற்றொன்றை வேண்டும். 'அல்லாஹ் நாடினால் நாளை வருவேன்' என்றால்தான் தொடர் நிறைவுறும். நாமோ பல வேளைகளில் எச்சத்தை மட்டும் மொழிந்துவிட்டு முற்றை விழுங்கிவிடுகிறோம். கேட்டவரும் 'இவர் வரமாட்டார்' என்று புரிந்துகொண்டு போய்விடுகிறார்!

இச்சொல்லை நமக்குக் கற்பித்த திருவசனங்கள் (18:23, 24) கூறுவது யாது? நாளை ஒன்றைச் செய்யப்போவதாகச் சொல்லும்போது இறைநாட்டத்தையும் சேர்த்தே சொல்லவேண்டும் என்பதாகும். நாளைய செயலை முன்னரே உறுதி செய்துகொண்டவனுக்குரிய அறிவுரை அது. செயலொன்றையும் குறிக்காதவனுக்கு அதில் புகலிடம் இல்லை. நாளைய ஈட்டத்தை எவரும் அறியார் என்று திருமறை ஓரிடத்தில் (31:34) உரைப்பது உண்மையே. அதே திருமறைதான் நாளைக்கென முன்னனுப்பியதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்குமாறு மற்றோரிடத்தில் (59:18) பணிக்கிறது. இங்கு 'நாளை' என்றது மறுமையை என்பர் விரிவுரையாளர். எனினும் அந்த நாளைக்கான தேட்டம் இந்த உலகின் பொழுதுகளில்தானே அமைய வேண்டும்? ஊழை ஓர் அதிகாரத்தில் பாடிய வள்ளுவரே ஆள்வினையுடைமையையும் தனி அதிகாரமாக்கினார் என்பது ஈண்டு நினையத்தக்கது.

யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை நாம் பெரும்பாலும் அழகின் வரலாறாகவே கேட்டு வளர்ந்தோம். அது களஞ்சியத்தின் வரலாறும் ஆகும். எகிப்து மன்னன் கண்ட கனவுக்குச் சிறையிலிருந்தே அவர்கள் விளக்கம் தந்தார்கள். கனவின் பொருளைச் சொன்னதோடு நின்றுவிடவில்லை, செய்யவேண்டியதையும் வகுத்துரைத்தார்கள். ஏழாண்டுகள் தொடர்ந்து பயிரிடுக. அறுத்ததில் உண்பதற்கான சிறிதளவு நீங்கலாக எஞ்சியதைக் கதிரிலேயே விட்டுவைக்குக. பின்வரும் ஏழு கொடிய ஆண்டுகள் அச்சேமிப்பை உண்டு தீர்க்கும். அப்போதும் சிறிது காக்கப்பட வேண்டும் என்பது அத்திட்டம் (12:47, 48). கதிரோடு வைத்த தானியம் எளிதில் கெடாது என்பதை உழவர் அறிவர். பஞ்சத்தின் உச்சத்திலும் காக்கப்படும் அச்சிறிதளவு, அடுத்த மழைக்கான விதை. வரப்போவது இறைவிதி என்று அறிந்த நபியே இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கிட்டார்கள் என்பதைக் காணும்போது நமக்கு நாணம் உண்டாகிறது. பின்னர் அவர்கள் தாமே முன்வந்து களஞ்சியப் பொறுப்பைக் கேட்டுப் பெற்றதையும் திருமறை (12:55) பதிவு செய்துள்ளது.

உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் தனிக் காண்டத்தின் பெயராக்கிய ஹிஜ்ரத்தும் அத்தகையதே. கி.பி. 622இல் நிகழ்ந்த அப்பயணத்துக்கென அபூபக்ர் (ரலி) அவர்கள் இரண்டு ஒட்டகங்களை நான்கு மாதங்கள் இலைதழை இட்டு வளர்த்து வைத்திருந்தார்கள். மதீனா இருப்பது வடக்கே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முதலில் சென்றதோ தெற்கே உள்ள தவ்ர் மலைக் குகைக்கு. அங்கே மூன்று இரவுகள் தங்கினார்கள். அபூபக்ரின் மகன் அப்துல்லாஹ் பகலில் மக்காவின் செய்திகளைத் திரட்டி இரவில் கொணர்ந்தார். உணவுக்கு மகள் அஸ்மா. ஆமிர் இப்னு ஃபுஹைரா ஓட்டிவந்த ஆட்டு மந்தை பாலும் தந்தது. காலடித் தடங்களையும் அழித்தது. வழிகாட்டியாக அமர்த்தப்பட்டவர் இஸ்லாத்தை ஏற்றிராதவர். பாதையை நன்கறிந்தவர் என்பதே அவருக்கான தகுதி! இத்தனையும் செய்துமுடித்த பின்னரும் தேடுவோர் குகை வாயில் வரை வந்துவிட்டனர். அப்போதுதான் அல்லாஹ் நம்முடன் இருக்கிறான் என்னும் ஆறுதல் மொழி பிறந்தது. 'தவக்குல்' என்னும் பொறுப்புச் சாட்டுதலின் இடம் அதுவே. ஒட்டகத்தை முதலில் கட்டு, பிறகு இறைவனிடம் ஒப்படை என நாட்டுப்புற அரபி ஒருவருக்கு அண்ணலார் கூறிய அறிவுரையை நாம் மேடைதோறும் எடுத்துரைக்கிறோம். வீட்டுக்கு வந்ததும் கயிற்றைத் தேடுவதில்லை.

ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) நோயுற்றபோது தம் பொருளில் மூன்றில் இரண்டு பங்கை அறத்துக்கு எழுதிவிட விரும்பினார். அப்போது அவருக்கு இருந்தவர் ஒரே மகள். நாயகம் (ஸல்) இசையவில்லை. பாதியையும் மறுத்தார்கள். மூன்றில் ஒன்று போதும், அதுவே மிகுதி என்றார்கள். வாரிசுகள் பிறரிடம் கையேந்த விடுவதைவிட வசதியோடு விட்டுச் செல்வதே மேல் என்பது அவர்கள் காட்டிய காரணம். மேலும், மரண சாசனம் செய்யவேண்டிய பொருளுடையவர் அதை எழுதாமல் இரண்டு இரவுகளைக்கூடக் கழிக்கலாகாது என்றும் எச்சரித்தார்கள். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) எதைப்பற்றியது தெரியுமா? தொகை சிறிதாயினும் பெரிதாயினும் தவணைக் கடனைச் சாட்சிகளோடு எழுதிவைப்பதைப் பற்றியது.

சில ஆண்டுகளுக்குமுன் நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவரின் தந்தையார் திடீரென வஃபாத்தானார். சிறு கடை வைத்திருந்தவர், நல்ல மனிதர், கணக்கு முழுவதும் நினைவிலேயே இருந்தது. எழுதி வைக்குமாறு பிள்ளைகள் சொன்னபோதெல்லாம் 'இன்ஷா அல்லாஹ், பார்க்கலாம்' என்பாராம். அவருக்குத் தரவேண்டியவர்கள் மௌனமாகிவிட்டனர். அவர் தரவேண்டியவர்களோ ஜனாஸா அடங்கிய வாரமே வாசலுக்கு வந்தனர். மாணவர் இரண்டாம் ஆண்டின் இடையிலேயே படிப்பை நிறுத்திவிட்டுக் கடையில் அமர்ந்தார். உதவித்தொகைக்கு நாம் வழி தேடி முடிப்பதற்குள் காலம் கடந்துவிட்டது. அதன் பின்னரே நாமும் நமக்குரிய சாசனத்தை எழுதத் தொடங்கினோம் என்பதை மறைப்பதற்கில்லை.

அண்மையில் அக்கடைக்குச் சென்றிருந்தோம். பொருள் வாங்கிய பெரியவர் ஒருவர் 'இன்ஷா அல்லாஹ், வெள்ளிக்கிழமை தந்துவிடுகிறேன், தம்பி' என்றார். 'இன்ஷா அல்லாஹ், அத்தா' என்று சொல்லியவாறே அவர் கல்லாவுக்கு அருகில் தொங்கிய நோட்டை எடுத்துத் தொகையையும் தேதியையும் எழுதி, கையொப்பத்துக்காகப் பெரியவர் முன் நீட்டினார்.