ஓராண்டு பூட்டிக் கிடந்த பாடசாலையும் அதைத் திறக்கப் பாடுபட்ட பெண்களும்

பாடசாலை வாசலில் துப்பாக்கியோடு இராணுவத்தினர் நிற்பதைக் கண்டவர்களுக்கும், பிள்ளையின் படிப்பில் ஒரு வருடம் வீணாய்ப் போனதை அனுபவித்தவர்களுக்கும் இந்தக் கதை அந்நியமானதாக இராது. இது நடந்தது ஐக்கிய அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத் தலைநகரான லிட்டில் றொக்கில்.

அந்நகரின் மத்திய உயர்தரப் பாடசாலை 1927 இல் 15 இலட்சம் டொலர் செலவில் கட்டப்பட்டது. அது ஓர் அரசாங்கப் பாடசாலை. நாட்டிலேயே மிக அழகான உயர்தரப் பாடசாலை என்று கட்டடக் கலைஞர்கள் அதைப் புகழ்ந்தார்கள். முன்வாசலுக்கு மேலே நான்கு சிலைகள் நிற்கின்றன. உயர்நோக்கு, ஆளுமை, வாய்ப்பு, ஆயத்தம் என்பன அவற்றின் பெயர்கள். ஆனால் அந்த 'வாய்ப்பு' வெள்ளையினப் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியதாயிருந்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்கென 1929 இல் திறக்கப்பட்ட டன்பார் பாடசாலைக்குச் செலவிடப்பட்டது 4 இலட்சம் டொலர்தான்.

தனியே நடந்த சிறுமி

அரச பாடசாலைகளில் பிள்ளைகளை நிறத்தால் பிரித்து வைப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று 1954 மே 17 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின்படி 1957 செப்ரெம்பரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் மத்திய பாடசாலைக்குச் செல்லத் தயாரானார்கள். அவர்களில் ஆறு பேர் பெண்பிள்ளைகள். மாநில ஆளுநர் ஓர்வல் போபஸ் அவர்களைத் தடுப்பதற்காகத் தேசிய காவற்படையை வாசலில் நிறுத்தினார்.

செப்ரெம்பர் 4 ஆம் திகதி எல்லோரும் ஒன்றாகச் செல்வதென ஏற்பாடாகியிருந்தது. எலிசபெத் எக்போர்ட்டின் வீட்டில் தொலைபேசி இல்லாததால் அச்செய்தி அவருக்குக் கிடைக்கவில்லை. முதல் நாளுக்கென்று தானே தைத்த சட்டையை அணிந்துகொண்டு அந்த 15 வயதுச் சிறுமி தனியே போனார். காவற்படையினர் துப்பாக்கிமுனைக் கத்திகளை உயர்த்தி அவரை மறித்தனர். பின்னால் ஒரு கூட்டம் கூச்சலிட்டபடி தொடர்ந்து வந்தது. அவர் வாய் திறவாமல் பஸ் தரிப்பிடம் வரை நடந்துபோய் அங்கிருந்த வாங்கில் அமர்ந்தார்.

பின்னர் ஜனாதிபதி ஐசன்ஹோவர் மத்திய அரசின் படையை அனுப்பினார். செப்ரெம்பர் 25 இல் ஒன்பது பேரும் படையினரின் காவலோடு முன்வாசற் படிகளில் ஏறினார்கள்.

உள்ளே நடந்தவை

ஏறத்தாழ 1,900 வெள்ளையின மாணவர் மத்தியில் அவர்கள் ஒன்பது பேர். நடைபாதையில் இராணுவத்தினர் கூட வந்தாலும் மலசலகூடத்துக்குள்ளும் உடைமாற்றும் அறைக்குள்ளும் அவர்களால் வர முடியவில்லை. தள்ளுவது, உதைப்பது, படியிலிருந்து விழுத்துவது எல்லாம் அங்கே நடந்தன. விளையாட்டு, சங்கங்கள் எதிலும் சேர அவர்களுக்கு அனுமதி இல்லை. நாளும் சீண்டப்பட்ட மினிஜீன் பிறவுண் திருப்பிப் பேசியதற்காக 1958 பெப்ரவரியில் பாடசாலையிலிருந்து நீக்கப்பட்டார். அவர்களுள் மூத்தவரான ஏர்னஸ்ட் கிறீன் 1958 மே மாதத்தில் அங்கே படிப்பை முடித்த முதலாவது கறுப்பின மாணவரானார். மற்றவர்களுக்குக் கிடைத்த கைதட்டல் அவர் பெயர் வாசிக்கப்பட்டபோது எழவில்லை.

மூடிய கதவுகள்

கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்ப்பதைவிடப் பாடசாலைகளையே மூடிவிடுவது மேல் என்று ஆளுநர் 1958 செப்ரெம்பரில் முடிவெடுத்தார். நகரின் நான்கு உயர்தரப் பாடசாலைகளும் மூடப்பட்டன. ஒப்பந்தத்தின்படி ஆசிரியர்கள் வெறுமையான வகுப்பறைகளுக்கு வந்து போனார்கள். காற்பந்தாட்டப் போட்டிகள் மட்டும் நடந்தன! வெள்ளையினப் பிள்ளைகளில் அநேகருக்குத் தனியார் பாடசாலையோ உறவினர் ஊரோ கைகொடுத்தது. கறுப்பினப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எந்தப் படிப்பும் கிடைக்கவில்லை. சிலர் பிறகு பாடசாலைப் பக்கம் திரும்பவேயில்லை.

இந்நிலையில் 75 வயதான அடோல்பீன் பிளெச்சர் டெரி தம் வீட்டில் பெண்களைக் கூட்டினார். 'எமது பாடசாலைகளைத் திறப்பதற்கான பெண்கள் அவசரக் குழு' அவ்வாறே 1958 செப்ரெம்பரில் தோன்றியது. அங்கத்தவர் எல்லோரும் வெள்ளையினப் பெண்கள். கறுப்பினப் பெண்களைச் சேர்த்தால் நகரத்தார் செவிகொடுக்க மாட்டார்கள் என்று கருதி அவர்களைச் சேர்க்கவில்லை. அது அக்குழுவின் குறைதான். ஆயினும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. கடிதம் எழுதினார்கள், வீடு வீடாக வாக்காளர்களைச் சந்தித்தார்கள், பாடசாலை மூடியதால் நகரின் வியாபாரத்துக்கு வந்த நட்டத்தைக் கணக்கெடுத்து வெளியிட்டார்கள். குடும்பத்தாருக்குத் தீங்கு நேரலாம் என்பதால் அங்கத்தவர் பட்டியல் இரகசியமாக வைக்கப்பட்டது.

1959 மே மாதத்தில் கல்விச் சபையிலிருந்த பிரிவினைவாதிகள் 44 ஆசிரியர்களையும் அலுவலர்களையும் வேலைநீக்க முயன்றனர். அதை எதிர்த்து நடந்த வாக்கெடுப்புக்கு இப்பெண்கள் இரவு பகலாக உழைத்தனர். மே 25 இல் அச்சபையின் பிரிவினைவாதிகள் மூவரும் பதவியிழந்தனர். அடுத்த மாதம், பாடசாலைகளை மூடிய சட்டம் செல்லாது என்று நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. 1959 ஓகஸ்ட் 12 இல் மத்திய பாடசாலை மீண்டும் திறந்தது. ஒன்பது பேரில் ஒருவரான கார்லோட்டா வோல்ஸ் திரும்பி வந்து 1960 இல் அங்கேயே படிப்பை முடித்தார்.

1998 இல் அந்தப் பாடசாலை தேசிய வரலாற்றுத் தலமாக்கப்பட்டது. இன்றும் அங்கு வகுப்புகள் நடக்கின்றன. பல இனப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கிறார்கள். நாற்பது வருடங்கள் மறைந்திருந்த அந்தப் பெண்களின் பெயர்களும் அதே ஆண்டில் டெரி அம்மையாரின் வீட்டு யன்னற் கண்ணாடிகளில் பொறிக்கப்பட்டன.

பாடசாலை மூடியதால் இடைநின்ற மற்றவர்களும் படிப்பைக் கைவிடவில்லை. எலிசபெத் தபால் வழியாகவும் இரவு வகுப்புகளிலும் படித்து, பின்னாளில் பட்டம் பெற்றார். இருதய நோயோடு வாழ்ந்த தெல்மா மதர்ஷெட்டும் தபால் வழிப் பாடங்களைப் படித்து முடித்தார். அவருக்குரிய சான்றிதழ் தபாலில் வந்து சேர்ந்தது. அதன்பின் பல்கலைக்கழகம் சென்ற அவர், மனையியல் ஆசிரியையாகப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார்.